நிற்காத குமிழ்

"ஊதுங்க பார்ப்போம்."

எவரிஸ்தோ வாயைத் திறந்து மனைவியின் மூக்குக்கு நேரே ஊதினான். நியெவெஸ் முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"புதினா வாசனை தூக்குது. எதை மறைக்க மிட்டாய் போட்டீங்க?"

"பல்லு விளக்கினதுகூட ஒரு குத்தமா?"

"அப்ப வீட்டுல ரெண்டாவது பீர் பாட்டில் எப்படிக் காலியாச்சு? ஒண்ணை நம்ம வாசல்ல பூமித்தாய்க்குத் தெளிச்சோம். இன்னொண்ணு யார் வயித்துக்குப் போச்சு?"

அதுதான் அவனுக்கும் விளங்கவில்லை. கார்னிவல் செவ்வாய். லா பாஸ் நகரமே வீட்டுக்கும் காருக்கும் காகிதத் தோரணம் கட்டி, பீர் தெளித்துப் படையல் போடுகிற நாள். போன வருடம் இதே நாளில் முட்டக் குடித்துவிட்டு டாக்சியைச் சாக்கடையில் இறக்கியவன், அதற்கப்புறம் ஒரு சொட்டுத் தொடவில்லை. தொட்டால் தாய்வீட்டோடு போய்விடுவேன் என்று நியெவெஸ் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

இப்போது அந்தத் தாய்வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். பண்டிகைக்கு வந்திருந்த மாமியார் கிரெகோரியாவை அவள் ஊரான வியாச்சாவில் இறக்கிவிட வேண்டும். பாதி வழியில் எஞ்சின் சூடேறி வெப்பம் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. மேட்டுத் தெருவில் இருந்த மெக்கானிக் ஹெனாரோவின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஒதுக்கும்படி ஆயிற்று. மாமியார் மட்டும் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்துதான் ரேடியேட்டர் ஹோஸ் மாத்தினேன் மேஸ்திரி. தண்ணியும் நானே ஊத்தினேன்," என்றான் எவரிஸ்தோ.

"அதான். தண்ணி முழுசா ரொம்பியிருக்காது, உள்ளே காத்து மாட்டிக்கிட்டிருக்கும். அதை வெளியேத்தினாச் சரியாப் போயிடும். வண்டி மூக்கு மேட்டைப் பார்த்து நிக்கட்டும். ஹீட்டரை முழுசாத் திருப்பு, அந்தக் குழாய்க்குள்ள ஒளிஞ்சிருக்கிற காத்தும் வரணும்."

சூடு தணியும்வரை காத்திருந்து, ஹெனாரோ ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். எஞ்சினை ஓடவிட்டு, ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டார். குமிழ் வந்தது. இன்னும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அடங்க வேண்டியது, அடங்காமல் நுரையாகப் பொங்கித் தரையில் வழிந்தது. எட்டிப் பார்த்த எவரிஸ்தோவின் சட்டையிலும் தெறித்தது.

"என்னப்பா இது, என் சர்வீஸ்ல இப்படி ஒரு காத்தைப் பார்த்ததில்லை. ஹெட் கேஸ்கெட் போயிருந்தாத்தான் குமிழ் நிக்காது. எஞ்சினையே பிரிக்கணும்போல," என்ற ஹெனாரோ, மூக்கை உறிஞ்சினார். "ஆமா, நீ மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"எதை?"

"பீர் வாடை குடலைப் பிடுங்குது."

"நீங்க குடிச்சிருக்கீங்கன்னுல்ல நான் நினைச்சேன்."

"படையல் முடிஞ்சு ரெண்டு கிளாஸ் போட்டது நெஜம். அதுக்கு இவ்வளவு நாத்தம் வராது."

நியெவெஸ் பக்கத்தில் வந்தாள். கணவனின் சட்டைக் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். பிறகு அதை உதறினாள்.

"சட்டையெல்லாம் அடிக்குது. ஒரு வருஷமா நல்லாத்தானே இருந்தீங்க? ஏமாந்தது நான்தான். வியாச்சாவுல அம்மாவோட நானும் இறங்கிக்கறேன்."

"சத்தியமா நான் தொடலை நியெவெஸ்."

"காலி பாட்டில் பொய் சொல்லுதா? மேஸ்திரியோட மூக்கு பொய் சொல்லுதா?"

எவரிஸ்தோவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை தூக்கத்தில் எழுந்துபோய்க் குடித்துவிட்டோமோ? உள்ளங்கையில் ஊதித் தானே முகர்ந்து பார்த்துக்கொண்டான். பீர் வாடைதான் அடித்தது. கையிலிருந்து வருகிறதா, வாயிலிருந்து வருகிறதா, ஒன்றும் புரியவில்லை. நேற்று சிநேகிதர்கள் அத்தனை பேரும் கேலி செய்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்தவன் அவன். அத்தனையும் வீணா என்று நினைத்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது பின்கதவு திறந்தது. ஹீட்டர் அனலில் முகமெல்லாம் வியர்த்து வடிய, கிரெகோரியா தொப்பியால் விசிறிக்கொண்டே இறங்கினாள்.

"என்ன மாப்பிள்ளை, என்னை உள்ளே வச்சு வேகவைக்கிறதா உத்தேசமா?"

"மன்னிச்சிடுங்க அத்தை. காத்து வெளியே போகணும்னு..." என்று அவன் கண்ணைத் துடைத்தான்.

அவள் அதைக் கவனிக்கவில்லை. ரேடியேட்டரிலிருந்து தரையில் ஓடிக்கொண்டிருந்த நுரையையே பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பண்டிகையும் அதுவுமா அதை ஏன் கீழே கொட்டறீங்க? மாப்பிள்ளைதான் விட்டுட்டாரு, அவரு பங்கு வீணாப் போக வேணாம்னு காலையில நான்தான் அந்த மூடியைத் திறந்து வண்டி வாயிலேயே ஊத்தினேன். பாவம், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சுது."