பன்னிரண்டாவது சொல்

இதை நான் பார்க்கவில்லை. அறைத்தோழன் சொல்லக் கேட்டேன்.

ஒரு பெருச்சாளி பழைய கணினியை ஓயாமல் ஓட்டி, கொஞ்சம் கிரிப்டோ காசு எடுத்திருந்தது. மழைக்கு முன் குட்டிகளுக்கு நெல் வாங்க ரொக்கம் வேண்டும். மாற்றித் தரும் ஆமையோ கமிஷன் அதிகம் கேட்டது.

கீரி வந்தது. "அண்ணே, ஆமைக்கு எதுக்குத் தண்டம் அழுறீங்க? எனக்குக் கமிஷனே வேண்டாம். காசுப் பெட்டியைத் திறக்கிற பன்னிரண்டு ரகசியச் சொல்லை மட்டும் சொல்லுங்க."

பெருச்சாளி பதினொன்றைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. "கடைசிச் சொல், ரொக்கம் கைக்கு வந்த பிறகுதான்."

"அடேயப்பா, விவரமான ஆளுதான்! சரிண்ணே," என்று கீரி கிளம்பியது.

நெல் வந்துவிடும் என்று பெருச்சாளி குட்டிகளிடம் சொன்னது.

பிறகு விசாரித்துப் பார்த்தேன். அந்தச் சொற்கள் எல்லாம் யாரும் பார்க்கக்கூடிய இரண்டாயிரம் சொல் பட்டியல் ஒன்றிலிருந்துதான் வருமாம்; பதினொன்று தெரிந்தால், மிச்சம் ஒன்றைக் கணினி நொடிகளில் கண்டுபிடித்துவிடுகிறது.