ஏழு நிமிஷச் சத்தம்

"சார்! அந்தக் கீச்சு சத்தத்தை நிறுத்துறீங்களா, இல்ல என் காதைக் கழட்டி உங்க கையில குடுத்துட்டுப் போகவா?"

மாலை நான்கு மணி. கீழ் வீட்டு டைப்பிஸ்ட் அம்மா தட்டிய தட்டில், மாடி வீட்டுத் தாழ்ப்பாள் பயந்து தானே கழன்றுகொண்டது.

அம்மா ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. போன மாதம் அவர் வீட்டு டெலிபோன் இரண்டே தடவை அடித்தது. இரண்டும் ராங் நம்பர். இரண்டாவது ஆளை அவர் கால் மணி நேரம் விடவில்லை.

மாடியில் இருப்பவர் வானிலை ஆபீசில் மழை அளந்தவர். மனைவி போன பிறகு அவருக்கும் ஆள் துணை இல்லை. மொட்டை மாடியில் பாட்டில் வைத்து மழையைப் பிடித்து, டிவியோடு இணைக்கிற வீட்டுக் கம்ப்யூட்டரில் ஸ்ப்ரெட்ஷீட் போட்டுக் கட்டம் கட்டமாகக் குறிப்பார். ஒரு நாள் தூறலைத் திருத்தினால் வருஷத்துச் சராசரியே தானாக மாறிக்கொள்ளும். எல்லாம் பாட்டு கேசட்டில் பதிவாகும். அதைத் திரும்ப மெஷினுக்குள் இறக்கும்போதுதான் வம்பு. வால் மிதிபட்ட பூனை மாதிரி ஏழு நிமிஷம் கத்தும்.

"இன்னும் ஏழே நிமிஷம்மா. பாதியில நிறுத்தினா முதல்லேர்ந்து இறக்கணும். உக்காருங்க."

"உக்கார ஒண்ணும் வரல. சண்டை போட வந்தேன்" என்றபடி அம்மா உட்கார்ந்தார்.

சண்டை வழக்கம்போல வழி தவறி, மூட்டு வலி, நேற்றைய தூறல், கடிதமே போடாத பிள்ளை என்று ஊர் சுற்றியது. ஆறு மணிக்கு, "நாளைக்கும் கத்தட்டும், அப்புறம் இருக்கு!" என்று எழுந்தார்.

வாசலில் வீட்டு ஓனர் நின்றிருந்தார். தெரு முழுக்க அம்மா சொல்லி வைத்த புகார் அவர் காதுக்கும் போயிருந்தது.

"வயசானவங்களை இம்சை பண்ற குடித்தனம் எனக்கு வேணாம் சார். ஒண்ணாம் தேதி காலி பண்ணிடுங்க."

அம்மாவின் முகம் வெளுத்தது. "ஐயோ, அவ்வளவு சத்தம் ஒண்ணுமில்லீங்க..."

"நீங்க பாவம் பாக்காதீங்கம்மா. தெருவே உங்க தலைவலியைத்தான் பேசுது. எங்க சார் அந்த மெஷின்? போடுங்க, நானும் கேக்கறேன்."

மழை அளந்தவர் தரையைப் பார்த்தார். ஓனர் உள் அறைக் கதவைத் தள்ளினார். வெறும் மேஜை. அதன்மேல் நாலைந்து கேசட்டுகள், விரல்கனத் தூசி.

"மெஷின் எங்க?"

அம்மாதான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"அது போன வருஷமே புகைஞ்சு போச்சுங்க. பழைய சாமான்காரர் எடுத்துட்டுப் போயிட்டார்."

"அது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"டிவியோட சேர்த்து மாடிப்படியில இறக்கினப்போ, ஒரு பக்கம் பிடிச்சது நான்தானே."