ஜப்பான்காரன் வேலை

“மூணாவது தடவையா கம்ப்யூட்டர் டிஸ்க் காலியாயிருச்சு, கிராணி ஐயா! இன்னைக்குள்ள காரணம் தெரியலைன்னா, என்னைப் பால்மரம் சீவ வெட்டுக்காட்டுக்கே அனுப்பிருவேன்னு துரை சொல்லிட்டாரு.”

1987. மலேசியாவில் பாடாங் செராய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸ். அழாத குறையாக நின்றாள் டைப்பிஸ்ட் அகத்தா.

ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி பெர்னார்ட் மேசையைத் தட்டினார்.

“ஜப்பான்காரன் வேலைலா இது! நம்ம கம்ப்யூட்டர் அமெரிக்கா. நம்மளதைக் கெடுத்தாத்தானே அவனோடது விக்கும்? கூப்பிடு அந்தப் பரஞ்சோதியை!”

சுங்கைப்பட்டாணியில் ஜப்பான் கம்ப்யூட்டர் விற்கும் பரஞ்சோதி, மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தான்.

“அண்ணே, இந்த ஆபீசுக்கு நான் வர்றதே இதான் மொத தடவை. டிஸ்க்கை எங்க வைப்பீங்க?”

“அலமாரியில பூட்டி, சாவியை நான்தான் வச்சிருக்கேன். அது மட்டுமா? என் காடியில ஸ்டீரிங் முன்னாடி இருந்த மாதா சிலையையே எடுத்து டிஸ்க் மேல காவலுக்கு வச்சிருக்கேன். எவன் தொடுவான்?”

பரஞ்சோதி சாவியை வாங்கி அலமாரியைத் திறந்து சிலையைத் தூக்கினான். அதன் அடியில் நாலைந்து பேப்பர் கிளிப்புகள் ஒட்டிக்கொண்டு வந்தன.

“காடியில ஒட்டி நிக்கறதுக்கு அடியில காந்தம் வச்சிருக்கான், அண்ணே. காந்தம் பட்டா டிஸ்க்குல உள்ளது எல்லாம் அழிஞ்சிரும்.”

“அப்ப நான் வெட்டுக்காட்டுக்குப் போக வேணாம்!” அகத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பெர்னார்ட் அசடு வழிய சிலையை வாங்கினார். முத்தமிட்டு மன்னிப்புக் கேட்டார். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தவரின் முகம் சட்டென்று மலர்ந்தது.

“மேட் இன் ஜப்பான்! நான் அப்பவே சொன்னேன்லா!”