பிரஷர் பார்க்கும்போது பேசக்கூடாது

அடுத்த ஆளைக் கூப்பிட்டதும் உள்ளே வந்தவன் யுவராணியின் கணவன்.

ஜெகதீசன் வாசலிலேயே நின்றுவிட்டான். கையில் பாஸ்போர்ட் இருந்தது.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு உடல் தகுதி பார்க்கும் சென்டர் அது. யுவராணி வழக்கமாக இருப்பது பூந்தமல்லி கிளையில். ஆவடியில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று காலையில்தான் போன் செய்து இங்கே வரச் சொன்னார்கள். அதை அவனிடம் சொல்ல முடியவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டு அவன் அதற்குள் கிளம்பிப் போயிருந்தான்.

"உள்ள வாங்க. செருப்பக் கழட்டிட்டு மெஷின்ல ஏறி நில்லுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை.

அவன் ஏறி நின்றான். எடையை எழுதினாள். உயரத்தை எழுதினாள். உடம்பில் அடையாளம் என்ற இடத்தில், சட்டையைக் கழற்றச் சொல்லாமலே, இடது தோளுக்குக் கீழே மச்சம் என்று எழுதினாள்.

நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தான். முழங்கைக்கு மேலே பட்டையைச் சுற்றினாள்.

"யுவா, நானே சொல்லலாம்னுதான் இருந்தேன். இன்னான்னா..."

"பேசாதீங்க. பேசுனா பிரஷர் ஏறும்."

அது உண்மைதான். இந்த வேலைக்கு வந்த புதிதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அதுதான்.

ஸ்டெதஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்துக் காற்றை அடித்து, மெல்ல இறக்கினாள். அவன் இதயம் அடிப்பது காதில் விழுந்தது. சத்தம் எங்கே தொடங்கியதோ, எங்கே நின்றதோ, இரண்டு இடமும் மேலே இருந்தன.

நூற்று அறுபதுக்கு நூறு.

இப்படியே எழுதினால் போதும். டாக்டர் பார்ப்பது அவள் எழுதுவதைத்தான். அவனால் போக முடியாது. அவளை யாரும் குறை சொல்லவும் முடியாது. முள் காட்டியது அதுதான்.

முன்பு அவன் குவைத்தில் இருந்தபோது அவளுக்குக் குறைப்பிரசவம் ஆனது. பிறந்த பெண் குழந்தை ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வெள்ளானூரில் குழந்தையைப் புதைத்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து, இனிமேல் உன்னை விட்டு எங்கேயும் போகமாட்டேன் என்றான். அவள் கேட்காமலே சொன்னான். அதனால்தான் நம்பினாள்.

அவன் அவளுடைய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாஞ்சு உக்காருங்க. கால் மேல கால் போடாதீங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடியும் பாக்கலாம்."

பயந்துகொண்டு வருகிறவர்களுக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். எல்லோருக்கும் அவள் அப்படித்தான் செய்வாள். வேறு மாதிரி செய்ய அவளுக்குக் கை வரவில்லை.

ஸ்டேஷன் பக்கம் ஒரு ரயில் போனது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். தன்னிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறான் என்றுதான் யுவராணி நினைத்தாள்.

பிறகு கவனித்தாள். மூச்சை ஆழமாக இழுத்து மெல்ல விட்டுக்கொண்டிருந்தான். பிரஷரை இறக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஐந்து நிமிடமும் அவள் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

இரண்டாம் தடவை சரியாக வந்தது. நூற்று இருபத்தெட்டுக்கு எண்பது. எழுதினாள்.

ரத்தம் எடுக்கக் கையில் ரப்பரைக் கட்டினாள். நரம்பு உடனே எழும்பியது. யுவராணி ஊசி குத்தினால் வலிப்பதே தெரியாது என்று பூந்தமல்லியில் எல்லோரும் சொல்வார்கள். அவனுக்கும் வலித்த மாதிரி தெரியவில்லை.

"பஞ்ச அமுத்திப் புடிங்க. வெளிய போயி எதுனா சாப்புடுங்க."

அவன் எழுந்திருக்கவில்லை. "வேணும்னு மறைக்கல யுவா" என்றான்.

அவள் ரத்தக்குழாயில் அவன் பெயரை எழுதி ஒட்டி, மற்றவர்களுடையதோடு வைத்தாள். அடுத்த ஆளைக் கூப்பிடக் கதவைத் திறந்தாள்.

வெளியே பெஞ்சில் வரிசையாக ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஒரே ஒரு பெண். மடியில் டிபன் பாக்ஸ் வைத்து, இறுகிப்போன மூடியோடு குனிந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

யுவராணியின் அம்மா, வேம்புலியம்மாள்.

ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் வாங்கிக்கொண்டவள் அம்மாதான். அதன் பிறகு வெகு காலம், மாப்பிள்ளை வீட்டுக்குள் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். அவனிடம் பேசு என்று யுவராணிதான் கெஞ்சிக் கெஞ்சிப் பேச வைத்தாள்.

கதவுச் சத்தம் கேட்டும் அம்மா தலை நிமிரவில்லை. மூடி திறந்துவிட்டது.

"முட்ஞ்சிதா மாப்ளே? வா, வந்து இட்லி சாப்புடு. அவ போன் பண்ணா நா ஊட்லதான் கீறேன்னு சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் பயப்படாத."

யுவராணி கதவைப் பிடித்தபடி, அம்மா நிமிர்ந்து பார்க்கட்டும் என்று நின்றாள்.