பொந்துக்குள் யாருமில்லை

வீடு கட்டப்போகிற காலி மனையில் ஒரு வேப்பமரமும் ஒரு புங்கமரமும் நின்றன. எதை விடலாம், எதை வெட்டலாம் என்று பார்த்து எழுத ஓர் அதிகாரி வந்தார்.

வேப்பமரத்து மைனா அவர் தலைக்கு மேலேயே பறந்து பறந்து கத்தியது. புங்கமரப் பொந்தில் இருந்த அணிலுக்குக் கூச்சமாகப் போயிற்று. வெளியாள் முன்னாடி ஒருத்தி இப்படியா கத்துவாள்? அதற்கு இருப்புக்கொள்ளவில்லை. எட்டிப் பார்த்தது, உள்ளே ஓடியது, மறுபடி எட்டிப் பார்த்தது.

அதிகாரி புங்கமரத்தடிக்கு வந்து தண்டைத் தட்டினார். அணில் குட்டிகளை வயிற்றோடு அணைத்து வாலால் மூடிக்கொண்டது. “மூச்சுக் காட்டாதீங்க கண்ணுகளா. இப்பப் போயிடுவார்.”

அவர் பொந்தில் காதை வைத்துக் கேட்டார். “உளுத்த மரம். உள்ளே ஒரு உசிரும் இல்லை” என்று சொல்லி, சிவப்புப் பெயின்டால் கோடு இழுத்துவிட்டுப் போனார்.

“ஏக்கா, உன் மரத்துல வெள்ளைக் கோடு போட்டாரே, எனக்கு மட்டும் ஏன் சிவப்பு?”

“குஞ்சு இருக்குன்னு நான் கத்தினேன், விட்டுட்டார். சிவப்புன்னா வெட்டுடி. உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?”

அணில் கீச்கீச்சென்று கத்திக்கொண்டே இறங்கி ஓடியது. தெருவில் அதிகாரியின் பைக் கிளம்புகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.