கிளுவைப் போத்து கற்ற வார்த்தைகள்

தை மாதத்தில் தோட்டக்காரர் கிளுவைக் கிளைகளை நடுகுச்சிகளாக, போத்துப் போத்தாக வெட்டி, வேலியாக நட்டார். பங்குனிக்குள் எல்லாம் துளிர்த்துவிடும். ஆனால் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே நட்டதில், ஒரு போத்தை மட்டும் தலைகீழாக ஊன்றித் தொலைத்தார். நுனி மண்ணுக்குள் போனது, அடிப்பக்கம் வானத்தைப் பார்த்து நின்றது.

போத்துக்கு அது தெரியாது. வேலியில் குடியிருந்த ஓணானுக்குத் தெரியும்; தலைகீழாக நட்டது துளிர்க்காது என்பதும் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, மாந்தோப்பில் கேட்ட வார்த்தைகளைத் தினமும் கொண்டுவந்து கொடுத்தது.

துளிர், கொழுந்து, அரும்பு என்று போத்து சொல்லிச் சொல்லிப் பூரித்தது. காலை வெயிலைக் கொழுந்து வெயில் என்றது. தன்மேல் தங்கிய பனித்துளியை "என் அரும்பு" என்றது. ஓணான் அடுத்த வார்த்தையைத் தேடி மாந்தோப்புக்கு ஓடியது.

பங்குனியும் வந்தது. இரண்டு பக்கமும் இருந்த போத்துகள் பச்சை விட்டன. நடுவில் இது மட்டும் தோல் சுருங்கி நின்றது.

ஒரு நாள் ஓணானைக் கண்டதும் போத்து கூவியது. "அண்ணே, இன்னைக்கு நானே ஒரு வார்த்தை கத்துக்கிட்டேன்! தோட்டக்காரர் என்னைத் தட்டிப் பார்த்துட்டு, எனக்கு மட்டும் சொல்லிட்டுப் போனார்."

"என்ன வார்த்தை?"

"விறகு. சொல்லவே நல்லா இருக்கு. துளிருக்கு முந்தி வர்றதுதானே அண்ணே?"

ஓணான் எப்போதும்போலத் தலையை மேலும் கீழும் ஆட்டியது. அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, போத்து அந்த வார்த்தையை ஆசை தீரச் சொல்லிப் பார்த்தது.