நூத்திப்பன்னெண்டாம் ரூம் நோயாளி

"எங்க ரெண்டு பேரையும் ரூமை விட்டு வெளிய விடாதீங்க"ன்னு நூத்திப்பன்னெண்டாம் ரூம் எக்கார்ட் வந்து நின்னப்ப, நான் காலைக் காபியைக்கூட முழுசாக் குடிக்கல.

டான்யூப் ஆத்துல போற உல்லாசக் கப்பல்ல நான் ரிசப்ஷன். ஜெர்மனியில பாஸாவுலேருந்து கிளம்பி ஒரு ராத்திரிதான் ஆகியிருந்துச்சு. மனுஷனுக்கு விடிய விடிய வாந்தியாம், பேதியாம். நிமிர்ந்துகூடப் பாக்காம சொன்னார்.

கப்பல் சட்டம் கறார். ஒருத்தருக்கு வயிறு கெட்டா, அதே ரூம்ல இருக்குறவங்களும் ரெண்டு நாள் வெளிய வரக்கூடாது. போன மாசம் யாரோ மறைச்சு, நாப்பது பேர் படுத்து, கப்பலையே நடுவழியில கட்டிப்போட்டாங்க. இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா எங்க முதலாளி சும்மா விடமாட்டார். அதனால அவர் தானா வந்து சொன்னதுக்கு நன்றி சொன்னேன். ஆனா மனசு அவர் பொண்டாட்டிக்காகத்தான் அடிச்சுக்கிச்சு.

அந்தம்மா பேர் கெசினே, முப்பத்திநாலு வருஷம் பெரியாஸ்பத்திரியில தலைமை நர்ஸா இருந்தவங்க. ஏறின சாயந்தரமே மொத்தக் கப்பலையும் தன் வார்டாக்கிட்டாங்க. இங்க டாக்டர் கிடையாது, மாத்திரையைக் கைப்பையில வையுங்க, பெரிய பெட்டியில போட்டுடாதீங்க. கல்லு பாவின தெருவுல புது ஷூ வேண்டாம். கைக்கு ஜெல் மட்டும் பத்தாது, சோப்பு போட்டுக் கழுவுங்க. இப்படி மேஜை மேஜையாப் போய்ச் சொன்னாங்க, யாருக்கும் கோவமே வரல. நாலாம் நாள் சாயந்தரம் எல்லாருக்கும் பொதுவாப் பேசணும்னு கேப்டனே கேட்டிருந்தார்.

அப்பேர்ப்பட்டவங்களுக்கு வியன்னா போச்சு. வியன்னாவைப் பாக்கத்தான் இந்தக் கப்பல்லயே ஏறினேன்னு என்கிட்ட சொல்லியிருந்தாங்க.

விஷயம் காலைச் சாப்பாட்டுக்குள்ள பரவிடுச்சு. அவங்க எதிர் ரூம் வால்ட்ராட்தான் முன்னாடி நின்னாங்க. ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவளுக்கு வாய்ச்ச புருஷனைப் பாருங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னாங்க. முதல் நாள் அவர் மீனை நாலு தடவை வாங்கித் தின்னாராம். அதையும் எண்ணி வெச்சிருக்காங்க. கெசினேவுக்கு மட்டும்னு எழுதி ஒரு சாக்லேட் பெட்டியும் குடுத்தனுப்பினாங்க.

எனக்கு வேற ஒரு சந்தேகம் அரிச்சுக்கிட்டே இருந்துச்சு.

நோயாளிக்கு ரஸ்க்கும் கறுப்பு டீயும். அந்தம்மாவுக்கு வழக்கமான சாப்பாடு. கையுறை மாட்டிக்கிட்டு நான்தான் கொண்டு போவேன். கதவைத் திறக்கறது எப்பவும் எக்கார்ட்தான். கன்னம் ரெண்டும் செவசெவன்னு இருக்கும். வாயோரத்துல இறைச்சிக் குழம்பு ஒட்டியிருக்கும். வியன்னாவுல கப்பல் நின்ன அன்னைக்கு மதியம், ஆப்ரிகாட் வெச்ச கொழுக்கட்டை இன்னும் ரெண்டு கிடைக்குமான்னு கேட்டார்.

"யாருக்கு சார்?"

"எனக்குத்தான்."

"வாந்தி எடுத்த வயித்துக்கா?"

மனுஷன் கதவைச் சாத்திட்டார்.

அவ்வளவுதான், எனக்குப் புரிஞ்சுபோச்சு. சர்ச்சு சர்ச்சா நடக்கச் சோம்பல் பட்டு வியாதின்னு வேஷம் போடறார். அந்தம்மா ஜன்னல் வழியா வியன்னாவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு. சமையல்காரர்கிட்ட மட்டும்தான் சொன்னேன். சாயந்தரத்துக்குள்ள கப்பல் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. ஊரைச் சுத்திட்டு வந்த வால்ட்ராட், நானா இருந்தா அவனை ஆத்துல தள்ளியிருப்பேன்னு சொல்லிட்டு ரூமுக்குப் போனாங்க.

நாலாம் நாள் காலையில ரெண்டு பேரையும் வெளிய விட்டோம். சாயந்தரம் கூட்டத்துக்கு எல்லாரும் வந்திருந்தாங்க. எக்கார்ட் ஒரு மூலையில உக்காந்தார். அவர் பக்கத்து நாற்காலி ரெண்டும் காலி.

கெசினே மைக்கைப் பிடிச்சாங்க. முகம் வாடிக் கிடந்துச்சு.

"என் புருஷனை யாரும் அப்படிப் பாக்காதீங்க. அவருக்கு ஒண்ணுமே இல்ல. வாந்தி எடுத்தது நான்."

எல்லார் தலையும் அந்த மூலைப் பக்கம் திரும்புச்சு.

"ரிசப்ஷன்ல சொல்லுன்னு கெஞ்சினார். நான் மாட்டேன்னுட்டேன். முதல் நாள் உங்க எல்லாருக்கும் கை கழுவச் சொல்லிக் குடுத்துட்டு, மறுநாளே எனக்குப் பேதின்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? களைப்புன்னு சொல்லிட்டு உங்களோட சேந்து வியன்னா வரத்தான் இருந்தேன். நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள அவர் போய்த் தன் பேரைச் சொல்லிட்டார். ரெண்டு நாளா அவரைத் திட்டினீங்க, என்னைப் பாவம்னீங்க. அதையும் வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கிட்டேன்."

கொஞ்சம் தண்ணி குடிச்சாங்க.

"நான் சொல்ல வந்தது ஒண்ணுதான். வயிறு சரியில்லைன்னா வெக்கப்படாம போய்ச் சொல்லிடுங்க. மத்ததெல்லாம் உங்க ரூம்ல இருக்குற கப்பல் விதிப் புத்தகத்துலயே இருக்கு."

எனக்கு அங்க நிக்கவே முடியல. அந்த மனுஷனைப் பத்தி என்னென்ன பேசிட்டேன்னு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. சிலர் எழுந்து எக்கார்ட் பக்கம் போனாங்க. நான் விறுவிறுன்னு என் மேஜைக்கு வந்துட்டேன்.

பின்னாடியே ஒருத்தங்க வந்தாங்க. வால்ட்ராட்.

"என் ரூம் நம்பரையும் எழுதிக்கோங்க"ன்னு குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க. "எனக்கும் வயிறு போகுது. நேத்து காலையிலேருந்து."